பொடுகு – தவிட்டிலிருந்து மருந்து ஷாம்பு வரை

கறுப்புச் சட்டை போட்ட அன்றுதான் பொடுகு கண்ணில் படும். தோளில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். தட்டிவிட்டால் மறுபடியும் விழும். தலை அரிக்கும், ஆனால் நாலு பேர் முன்னால் சொறியவும் முடியாது. உயிருக்கு ஆபத்தில்லை, வலியில்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ கூனிக் குறுகிப் போக இது ஒன்று போதும். உலகில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு காலத்தில் பொடுகு வருவதாகத் தோல் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்கு என்ன காரணம் என்று ஒத்துக்கொள்ள மருத்துவ உலகம் நூறு வருடங்களுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறது. பொதுவாக நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மருந்து தேடுவார்கள் என்று நினைப்போம். பொடுகின் கதையில் நடந்தது நேர் எதிர். மருந்து முதலில் வந்தது. காரணம் பின்னால் வந்தது. அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது அதற்கும் பின்னால் வந்தது!

பெயரே தவிடுதான்

பண்டைய கிரேக்கர்கள் தலையிலிருந்து செதில் உதிர்வதைப் 'பிட்டிரியாசிஸ்' என்றார்கள். 'பிட்டிரோன்' என்றால் கிரேக்க மொழியில் தவிடு. லத்தீனில் தவிட்டுக்கு 'ஃபர்ஃபர்' என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் இன்றுவரை தோல் மருத்துவப் புத்தகங்களில் உயிரோடு இருக்கின்றன.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், தலைமயிருக்கிடையே செதில் எழும்பி உதிர்வதைப் 'போரிகோ' என்று குறிப்பிடுகிறார். அவருடைய யோசனை இன்று படிக்க வேடிக்கையாக இருக்கும். உடம்பிலுள்ள கெட்ட பொருள் தலைத்தோல் வழியாக வெளியேறுகிறது. அதை அடக்கினால் வேறு முக்கியமான உறுப்புக்குப் போய்விடும். ஆகவே அடக்குவதைவிடச் சீப்பால் அடிக்கடி வாரிச் சுத்தம் செய்வதே மேல் என்பது அவர் கருத்து.

இந்திய மருத்துவத்திலும் இது புதிதல்ல. சுசுருத சம்ஹிதையில் சிறு நோய்களின் வரிசையில் 'தாருணகம்' என்று ஒரு தலைநோய் சொல்லப்படுகிறது. அரிப்பு, வறட்சி, செதில் உதிர்தல் என்று அதன் அடையாளங்கள் பொடுகோடு ஒத்துப்போகின்றன. தமிழ்நாட்டில் வரப்போரங்களில் தரையோடு படர்ந்து கிடக்கும் பொடுதலை என்ற மூலிகையின் பெயரிலேயே பொடுகு இருக்கிறது. அதன் சாற்றை எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கும் வழக்கம் சித்த மருத்துவத்தில் உண்டு.

ஆக எல்லா ஊரிலும் பொடுகு இருந்தது, எல்லா ஊரிலும் அதற்குக் கைவைத்தியம் இருந்தது. ஏன் வருகிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஷாம்பு என்றால் பிடித்துவிடுவது

இன்று ஷாம்பு என்றால் தலைக்குத் தேய்க்கும் நுரைத் திரவம். ஆனால் அந்தச் சொல் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அழுத்திப் பிடித்துவிடுதல். 1759ல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்தில் குடியேறி, பிரைட்டன் என்ற கடற்கரை ஊரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த ஒரு குளியல் நிலையத்தை நடத்தினார். 1822ல் 'ஷாம்பூயிங்' பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதினார். மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே 'ஷாம்பூயிங்' செய்பவராக நியமிக்கப்பட்டார். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு மசாஜ் என்பதுதான் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப் போகத்தான் அது தலையை அலசுவதைக் குறிக்க ஆரம்பித்தது.

1903ல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் என்பவர் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தும் ஷாம்புத் தூளை விற்றார். அந்தக் காலத்து ஷாம்புகள் எல்லாம் சோப்பின் வேறு வடிவங்கள்தான். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் திரிதிரியாகப் படியும் அல்லவா? அது தலைமுடியிலும் படிந்தது. 1934ல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 'டிரீன்' என்ற பெயரில் செயற்கைச் சலவைப்பொருளால் ஆன ஷாம்புவைக் கொண்டுவந்தது. இது எந்தத் தண்ணீரிலும் நுரைத்தது, படியவில்லை. பின்னாளில் வந்த மருந்து ஷாம்புகளுக்கு அடித்தளம் இந்த மாற்றம்தான் எனலாம்.

மலசே கண்ட பூஞ்சை

இனி நோயின் பக்கம் வருவோம். 1874ல் பாரிஸில் லூயி சார்ல் மலசே என்ற ஆய்வாளர் பொடுகுச் செதில்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் முட்டை வடிவிலும் உருண்டையாகவும், ஒரு பக்கம் மொட்டு விட்டபடி, மிகச் சிறிய பூஞ்சை உயிர்கள் இருந்தன. இவைதான் பொடுகுக்குக் காரணம் என்று அவர் கருதினார். (இரத்த அணுக்களை எண்ணும் கருவி ஒன்றை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர்.) 1889ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பையோன், அவர் நினைவாக இந்தப் பூஞ்சை இனத்துக்கு 'மலசேசியா' என்று பெயரிட்டார். 1904ல் பாரிஸின் புகழ்பெற்ற தோல் மருத்துவர் சபூரோ வேறொரு பெயர் வைத்தார்: 'பிட்டிரோஸ்போரம்', அதாவது தவிட்டு வித்து. இரண்டு பெயர்களும் பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டு, கடைசியில் மலசேசியாவே நிலைத்தது.

இடையில் 1887ல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகர மருத்துவர் பவுல் உன்னா, எண்ணெய்ப்பசை உள்ள இடங்களில் செதிலும் சிவப்புமாக வரும் தோல் அழற்சியைத் தனி நோயாக விவரித்தார். தலை, புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்புறம் ஆகியவை அந்த இடங்கள். பொடுகு அதன் மிக லேசான வடிவம் என்று இன்று கருதப்படுகிறது.

மலசே சொன்னதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளாததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன.

முதல் காரணம், ராபர்ட் கோக் அந்தக் காலத்தில் வகுத்த விதிகள். ஒரு கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் அது நோயாளிகளிடம் மட்டும் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் தனியாக வளர்க்க முடிய வேண்டும். வளர்த்ததை ஆரோக்கியமானவருக்குக் கொடுத்தால் அதே நோய் வர வேண்டும். மலசேசியா முதல் தேர்விலேயே தோற்றது. பொடுகே இல்லாதவர்கள் தலையிலும் அது இருந்தது!

இரண்டாவது காரணம், அதை ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. மற்ற பூஞ்சைகள் வளரும் உணவில் வைத்தால் இது செத்துப்போனது. ஏன் என்பதைத் தெளிவாகக் காட்டியவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடா பென்ஹாம் என்ற பெண் விஞ்ஞானி. 1939ல் அவர் வெளியிட்ட கட்டுரை, இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பு வேண்டும் என்று சொன்னது. உணவோடு எண்ணெய்ப்பொருளைச் சேர்த்தால் வளர்கிறது, இல்லாவிட்டால் இல்லை. மனிதத் தலையில் எண்ணெய் சுரக்கும் இடத்தில் அது ஏன் குடியிருக்கிறது என்பதற்கு விடை அதிலேயே இருந்தது. ஆனால் அந்த விடையின் முழுப் பொருள் புரிய இன்னும் அறுபது வருடங்களுக்கு மேல் ஆயின.

விளம்பரம் கண்டுபிடித்த 'தொற்றும் பொடுகு'

மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது வியாபாரிகள் காத்திருக்கவில்லை. 1879ல் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாக உருவாக்கப்பட்டு, பிறகு வாய் கொப்பளிக்கும் மருந்தாகப் புகழ்பெற்ற லிஸ்டரின், 1930களிலும் 1940களிலும் அமெரிக்காவில் பொடுகு மருந்தாகவும் விளம்பரம் செய்யப்பட்டது. பொடுகு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று அந்த விளம்பரங்கள் பயமுறுத்தின. பக்கத்தில் உட்காருவதால் பொடுகு ஒட்டிக்கொள்வதில்லை. ஏற்கெனவே எல்லோர் தலையிலும் இருக்கும் பூஞ்சை எங்கிருந்து புதிதாகத் தொற்ற வேண்டும்? ஆனால் வெட்கத்தோடு பயத்தையும் சேர்த்து விற்கலாம் என்பதை அந்த விளம்பரங்கள் காட்டிவிட்டன. பின்னாளில் வந்த பொடுகு விளம்பரங்களில் தோளைத் தட்டிவிட்டு ஒதுங்கிப் போகும் ஆட்கள் இவற்றின் வாரிசுகள்தான்.

அப்போது மருத்துவர்கள் கையில் இருந்தவை கந்தகம், சாலிசிலிக் அமிலம், நிலக்கரித் தார், ரிசார்சினால் போன்றவை. இவற்றில் சில செதிலை இளக்கின, சில தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதைக் குறைத்தன. ஆனால் தார் நாற்றம் அடித்தது, துணியில் கறை பிடித்தது. தினசரி வாழ்க்கைக்கு ஒத்துவரவில்லை.

இரண்டு மருந்து ஷாம்புகள்

1951ல் அமெரிக்காவின் அபாட் நிறுவனம் செலினியம் சல்ஃபைடு கலந்த ஷாம்புவைச் 'செல்சன்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அது மருத்துவர் சீட்டின் பேரில் விற்ற மருந்து. நன்றாக வேலை செய்தது. ஆனால் செலினியம் விஷத்தன்மை உள்ள தனிமம் என்பதால் விழுங்கக்கூடாது, புண்ணில் படக்கூடாது, நன்றாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கைகள் கூடவே வந்தன. 1980ல் அமெரிக்க அரசு ஆய்வு ஒன்றில் இதை வாய்வழியாகக் கொடுத்த எலிகளுக்குக் கல்லீரலில் கட்டிகள் வந்தன. தோலில் தடவிய சோதனையில் அப்படிக் காணப்படவில்லை. ஆகவே ஷாம்பு தொடர்ந்து விற்பனையில் இருந்தது.

இன்னொரு பக்கம் 1950ல் 'பைரிதியோன்' என்ற புதிய சேர்மம் தயாரிக்கப்பட்ட செய்தி வெளியானது. ஒரு பூஞ்சை தரும் இயற்கைக் கிருமிக்கொல்லியைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த பொருள் அது. அதே 1950ல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பொடுகு ஷாம்புவுக்கான ஆராய்ச்சியைத் தொடங்கியது. வேண்டிய குணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டவை. பூஞ்சையைக் கொல்ல வேண்டும், ஆனால் தோலை எரிக்கக்கூடாது. ஷாம்புவை அலசினாலும் மருந்து தலையில் கொஞ்சம் தங்க வேண்டும். வாசனை கெடக்கூடாது. பத்து வருடங்களுக்குப் பிறகு விடையாக வந்தது துத்தநாகத்தோடு சேர்ந்த ஜிங்க் பைரிதியோன். இது தண்ணீரில் எளிதில் கரையாது. நுண்துகள்களாகத் தலைத்தோலில் படிந்து நிற்கும். 1961ல் 'ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ்' அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. சீட்டு இல்லாமல், சாதாரண ஷாம்பு போலவே வாங்கலாம் என்பதே அதன் வெற்றி.

பொடுகு குறைந்தது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஏன் குறைந்தது? அதில்தான் மறுபடியும் சண்டை.

கோழியா முட்டையா?

1970களில் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் மிகச் செல்வாக்கான தோல் மருத்துவர். 1976ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, பொடுகில் பூஞ்சை அதிகமாக இருப்பது காரணம் அல்ல, விளைவு என்று வாதிட்டது. செதில் நிறைய இருப்பதால் பூஞ்சைக்குத் தங்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். தலைத்தோல் செல்கள் இயல்பை மீறி வேகமாக உற்பத்தியாவதே பொடுகு. ஷாம்பு அந்த வேகத்தைத்தான் குறைக்கிறது. பல வருடங்கள் இந்தக் கருத்துதான் செல்லுபடியானது.

(கிளிக்மன் பெயருக்கு ஒரு கறையும் உண்டு. 1950களிலிருந்து 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் மருந்துகளையும் வணிகப் பொருட்களையும் சோதித்தவர் அவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்தப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2021லும் நகர நிர்வாகம் 2022லும் இதற்காக மன்னிப்புக் கேட்டன. குளியலறை அலமாரியில் இருக்கும் பொருட்களின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம்.)

காற்று திசை மாறியது 1980களில். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உன்னா விவரித்த அந்தத் தோல் அழற்சி மிக அதிகமாகவும் கடுமையாகவும் வருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். நோய் எதிர்ப்பு சக்திக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. அதே சமயத்தில் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி கிடைத்தது. பெல்ஜியத்தின் யான்சன் நிறுவனம் 1970களில் உருவாக்கிய மருந்து இது. 1984ல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த சாம் ஷஸ்டர் வாதத்தைத் திருப்பிப் போட்டார். செலினியம், பைரிதியோன், கீட்டோகோனசோல் மூன்றும் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது பூஞ்சையை அடக்கும் குணம். மூன்றும் பொடுகைக் குறைக்கின்றன என்றால் குற்றவாளி யார்? மலசே சொன்ன அதே ஆள்தான்!

1990ல் கீட்டோகோனசோல் 2% ஷாம்புவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த மருந்தை மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் கெடலாம் என்பதால் 2013ல் அமெரிக்கா மாத்திரையின் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய மருந்து முகமை அதை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. ஷாம்புவாகப் பூசும்போது இரத்தத்தில் கலப்பது மிகமிகக் குறைவு என்பதால் ஷாம்புவுக்கு அந்தத் தடை இல்லை.

பூஞ்சை என்ன சாப்பிடுகிறது?

எல்லோர் தலையிலும் பூஞ்சை இருந்தும் சிலருக்கு மட்டும் ஏன் பொடுகு? கோக் விதியில் மாட்டிய அந்தப் பழைய கேள்விக்கு 2000க்குப் பிறகுதான் திருப்தியான பதில் கிடைத்தது.

மலசேசியா தலையில் சுரக்கும் எண்ணெயை நொதிகளால் உடைக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு, வேண்டாத ஒலீயிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைக்கிறது. 2005ல் வெளியான ஆய்வில், பூஞ்சையை ஒதுக்கிவிட்டு, ஒலீயிக் அமிலத்தை மட்டும் தலையில் பூசிப் பார்த்தார்கள். பொடுகு வரும் இயல்புள்ளவர்களுக்குச் செதில் உதிர்ந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக எண்ணெய், பூஞ்சை, அந்த ஆளின் தோல் இயல்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பொடுகு. தோல் எரிச்சலடைந்து அவசர அவசரமாகப் புது செல்களை மேலே அனுப்புகிறது. அவை சரியாக முதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செதிலாக உதிர்கின்றன. கிளிக்மன் பார்த்த வேகம் உண்மைதான். ஆனால் அது கதையின் இரண்டாம் பாதி.

2007ல் மலசேசியா குளோபோசா என்ற வகையின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. கொழுப்பு அமிலத்தைத் தானே உருவாக்கும் மரபணு அதனிடம் இல்லை! 1939ல் பென்ஹாம் கண்டது ஏன் என்பது இப்போது விளங்கியது. 2011ல் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. ஜிங்க் பைரிதியோன் பூஞ்சை செல்லுக்குள் தாமிரத்தை அளவுக்கு மீறி ஏற்றி, இரும்பும் கந்தகமும் கொண்ட முக்கியப் புரதங்களைக் கெடுக்கிறது என்று கண்டார்கள். அதாவது கடைக்கு வந்து ஐம்பது வருடங்கள் கழித்து!

ஐரோப்பாவின் தடை

கதை அதோடு முடியவில்லை. 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருட்களில் ஜிங்க் பைரிதியோன் தடை செய்யப்பட்டது. ஷாம்பு போட்டவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதல்ல காரணம். விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் அது இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடிய பொருட்களின் வகையில் சேர்க்கப்பட்டது. அலசிவிடும் பொடுகு ஷாம்புவில் 1% வரை பாதுகாப்பானது என்றே ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2020ல் கருத்துச் சொல்லியிருந்தது. ஆனால் அங்குள்ள சட்டப்படி, அந்த வகையில் சேர்ந்த பொருளுக்கு விலக்குத் தர வேறு மாற்றுப் பொருள் இல்லாமல் இருக்க வேண்டும். பிரோக்டோன் ஓலமின் போன்ற மாற்றுகள் இருந்ததால் விலக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஒரே பெயருள்ள ஷாம்புவில் ஒரு நாட்டில் ஒரு மருந்தும் இன்னொரு நாட்டில் வேறு மருந்தும் இருக்கலாம். பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்தில் உள்ள பொருட்களின் பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

நம் ஊர்த் தலைகள்

தமிழ்நாட்டில் சீயக்காயும் அரப்பும் இருந்த இடத்துக்கு ஷாம்பு வந்தது பாட்டிலால் அல்ல, பாக்கெட்டால். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்பதில் முன்னோடி. அவர் மகன் ரங்கநாதன் 1983ல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கிக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார். சரம் சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட்டுகளின் வழியில்தான் பிறகு பொடுகு ஷாம்புகளும் வந்தன. ஆனால் ஒரு பாக்கெட்டைக் கிழித்துத் தேய்த்து உடனே அலசிவிடும் பழக்கமும் கூடவே வந்தது. மருந்து ஷாம்பு அப்படிப் போட்டால் பயன் தராது. தலைத்தோலில் படும்படி தேய்த்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு அலச வேண்டும். வாரம் இரண்டு முறை என்று சில வாரங்கள் போட்டு, குறைந்த பிறகு வாரம் ஒரு முறையாவது தொடர வேண்டும்.

தலை வறண்டுவிட்டது என்று நினைத்து எண்ணெயைத் தடவி இரவெல்லாம் ஊறவிடுவதும் நம் வழக்கம். எண்ணெய் உதிரும் செதிலை ஒட்டவைத்து மறைக்குமே தவிர, கொழுப்பைத் தின்று வாழும் பூஞ்சையை அது விரட்டாது. பொடுகு அதிகம் உள்ளபோது எண்ணெயைக் குறைக்கச் சொல்லித் தோல் மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். பல வாரம் ஷாம்பு போட்டும் அடங்காமல் சிவந்து, தடித்து, முடி கொட்டினால் அது சொரியாசிஸ் போன்ற வேறு நோயாக இருக்கலாம். அப்போது மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

பொடுகை ஒரேயடியாக ஒழித்துவிடுவதாகச் சொல்லும் விளம்பரம் எதையும் இந்த வரலாறு ஆதரிக்கவில்லை. பூஞ்சை நம்மோடே வாழ்கிறது, எண்ணெய் சுரந்துகொண்டே இருக்கிறது, தோல் இயல்பு பிறவியிலேயே வருகிறது. ஷாம்புவை நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பி வருவது அதனால்தான். அது அசுத்தத்தின் அடையாளமும் அல்ல, யாருடைய தவறும் அல்ல. மலசே நுண்ணோக்கியில் பார்த்த அந்தச் சின்ன உயிர், தோளில் செதில் விழுகிறவர் தலையிலும் இருக்கிறது, அதைப் பார்த்துச் சிரிக்கிறவர் தலையிலும் இருக்கிறது.